லண்டன் 25ஆம் இலக்க பஸ்: நிறுத்தி வைக்கும் அந்த இரண்டு நிமிடங்களுக்கு ஆதரவாக

இல்ஃபோர்டிலிருந்து சிட்டி தேம்ஸ்லிங்க் வரை ஓடும் 25ஆம் இலக்க பஸ்ஸில் மேனர் பார்க்கில் ஏறி வைட்சாப்பலில் இறங்குவது என் வேலை நாட்களின் வழக்கம். எலிசபெத் லைன் ரயில் இந்த இரண்டு இடங்களையும் மிக விரைவாக இணைக்கிறது என்பது தெரியும். ஆனால் பஸ் கட்டணம் 1.75 பவுண்ட்தான், ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ்ஸுக்கு மாறினாலும் மேலதிகமாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தால் ரயிலை நினைக்கவே மாட்டேன்.

இந்தச் சேவையைப் பற்றி எழுத எத்தனையோ இருந்தாலும், எல்லோரும் வெறுக்கும் ஒன்றைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பஸ் ஒரு தரிப்பிடத்தில் நின்றுவிடும். இடைவெளியைச் சீராக்குவதற்காகச் சாரதியைச் சற்று நேரம் நிற்கச் சொல்லியிருக்கிறோம் என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் வரும். உள்ளே பெருமூச்சுகள். "சும்மா நிற்கிறான்" என்று தமிழிலும் வங்காளத்திலும் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். சும்மா நிற்கவில்லை. லண்டன் பஸ் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த வேலையே அப்போதுதான் நடக்கிறது.

பஸ்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து வருவதற்குச் சாரதிகளின் சோம்பல் காரணமல்ல. ஸ்ட்ராட்ஃபோர்டில் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை விரித்து மடக்க ஒரு பஸ்ஸுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் அடுத்த தரிப்பிடத்தில் இன்னும் சிலர் வந்து சேர்ந்துவிடுவார்கள். அவர்களை ஏற்றி முடிப்பதற்குள் அதற்கடுத்த தரிப்பிடத்தில் கூட்டம் பெருகியிருக்கும். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற்ற ஆளில்லை. நிற்காமல் ஓடி வரும். போ (Bow) என்ற இடத்தில் நெருங்கி, மைல் எண்டில் முன்னதன் வாலைப் பிடித்துவிடும். இது தானாகச் சரியாவதே இல்லை. விட்டால் கடைசித் தரிப்பிடம் வரை மோசமாகிக்கொண்டேதான் போகும்.

இதனால் என்ன நட்டம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக வந்தால், நேரம் பாராமல் தரிப்பிடத்துக்கு வருபவர் சராசரியாக 4 நிமிடம் நிற்பார். அதே பஸ்கள் 2 நிமிடம், 14 நிமிடம் என்று மாறி மாறி வந்தால் சராசரி 6.25 நிமிடமாகிவிடும். ஏனென்றால் அந்த நீண்ட 14 நிமிட இடைவெளியில்தான் அதிகம் பேர் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டே வந்தால் 8 நிமிடம். பஸ்களின் எண்ணிக்கை, எரிபொருள், சாரதிகளின் சம்பளம் எதுவும் மாறவில்லை. காத்திருப்பு மட்டும் இரட்டிப்பாகிவிட்டது.

லண்டன் போக்குவரத்து நிர்வாகம் அளப்பதும் இதைத்தான். மணிக்கு ஐந்து பஸ்ஸுக்குக் குறையாத தடங்களில், கடிகாரப்படி வந்ததா என்று பார்ப்பதில்லை. பயணி எதிர்பார்த்ததற்கு மேல் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று பார்க்கிறார்கள். 2001இல் தொடங்கிய ஒப்பந்த முறைப்படி, பஸ் ஓட்டும் தனியார் நிறுவனங்களுக்கு இந்த அளவை வைத்தே ஊக்கத்தொகையும் பிடித்தமும். பஸ் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் ஐபஸ் என்ற கருவி 2009க்குள் ஏறத்தாழ 8,000 பஸ்களிலும் பொருத்தப்பட்டுவிட்டது. கட்டுப்பாட்டாளர் திரையில் இடைவெளியைப் பார்த்து, "அங்கேயே நில்" என்று சாரதிக்குச் சொல்கிறார்.

நான் வளர்ந்தது வடமராட்சியில். யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில் தனியார் பஸ்கள் சந்திக்குச் சந்தி ஊர்ந்து ஆள் சேர்க்கும். பின்னால் அடுத்த பஸ் தெரிந்ததும் பறக்கும். பஸ் நிலையத்தில் கொப்பியும் கையுமாக நிற்கும் நேரக்கணிப்பாளரோடு நடத்துநர்கள் சண்டை பிடிப்பதைச் சிறுவயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய டிக்கெட் வசூல்தான் அன்றைய வருமானம் என்றால், முன்னால் போகும் பஸ் தன் ஆட்களை அள்ளிக்கொண்டு போகிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். லண்டனில் கட்டணம் நிர்வாகத்துக்குப் போகிறது. நிறுவனத்துக்கு ஒப்பந்தப் பணம் வருகிறது. அதனால்தான் இங்கே ஒரு சாரதியை நிற்கச் சொன்னால் அவர் நிற்கிறார். கருவி எந்த ஊரிலும் வாங்கலாம். வருமானத்தையும் ஆள் பிடிப்பதையும் பிரிக்காமல் அந்தக் கருவியை மாட்டி என்ன பயன்?

ஏறும் நேரம் குறைந்தால் நிறுத்தி வைக்கும் தேவையும் குறையும். 2014 ஜூலையில் பஸ்ஸில் காசு வாங்குவதை நிறுத்தினார்கள். இன்று அட்டையைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம். சில்லறை தேடி ஒருவர் நிற்க, பின்னால் ஒன்பது பேர் மழையில் நனையும் காட்சி இல்லை. இதே தடத்தில் 2004 முதல் 2011 வரை நடுவில் வளையும் நீள பஸ்கள் ஓடின. மூன்று கதவுகளிலும் ஏறலாம். டிக்கெட் இல்லாமல் ஏறுகிறார்கள், வீதியை அடைக்கிறார்கள் என்று அவற்றைத் திட்டாதவர் குறைவு. ஆனால் கூட்டத்தை விழுங்கும் வேகத்தில் இன்றைய இரட்டைத்தட்டு பஸ் அதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு புள்ளி கொடுப்பேன். ஐந்தாவதைக் கொடுக்க இரண்டு விருப்பங்கள் நிறைவேற வேண்டும். நிறுத்துவதென்றால் தடத்தின் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டும். அறுபது பேர் இருக்கும் பஸ்ஸை மைல் எண்டில் இரண்டு நிமிடம் நிறுத்தினால் 120 மனித நிமிடங்கள் போகின்றன. பத்துப் பேரோடு இல்ஃபோர்டில் நிறுத்தினால் இருபதுதான். மற்றது, எத்தனை நிமிடம் என்று அறிவிப்பில் சொல்ல வேண்டும். நேரம் தெரிந்தால், பொறுப்பதா இறங்கி நடப்பதா என்று பயணியே முடிவு செய்துகொள்வார்.

பாதி வழியில் பஸ்ஸை முடித்து, எதிர்த்திசை இடைவெளியை நிரப்பத் திருப்பி அனுப்புவதும் இதே வைத்தியத்தின் ஒரு பகுதி. இறக்கிவிடப்படுபவருக்குக் கோபம் வருவது நியாயம். அடுத்த பஸ்ஸுக்குக் கட்டணம் இல்லை என்பது ஓரளவு ஆறுதல்.

புதிதாக இந்தத் தடத்தில் வருபவர்களுக்கு: இரண்டு 25 ஒன்றாக வந்தால், அவசரமில்லையென்றால் இரண்டாவதில் ஏறுங்கள், இருக்கை கிடைக்கும். அவசரமென்றால் முன்னதில் ஏறுங்கள். நிற்கச் சொல்லப்படுவது பெரும்பாலும் பின்னதுதான். ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை மட்டும் போகிறவர்கள் 25க்காகக் காத்திருக்கவே வேண்டாம், ரொம்ஃபோர்ட் வீதியில் 86ஆம் இலக்கமும் அங்கேதான் போகிறது.