சாமியாடி, பூ வாக்கு, ஜீவநாடி, சேனலிங்: யாரிடம் எதைக் கேட்பது?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மேலிருந்து ஒரு வாக்கு வேண்டும் என்று நினைப்பவருக்கு வழிகளுக்குப் பஞ்சமில்லை. அருள் வந்து குறி சொல்லும் பூசாரி பக்கத்து ஊரிலேயே இருப்பார். குலதெய்வக் கோயிலில் பூ போட்டுக் கேட்கலாம். அகத்தியர் ஜீவநாடியில் வந்தது என்று வாட்ஸ்ஆப்பில் பக்கம் பக்கமாக வாக்கு வந்து விழுகிறது. இப்போது நாலாவதாக, ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் விடுமுறை நாளில் ஜூமில் உட்கார்ந்து சேனலிங் கேட்கிறார்கள். எங்கோ ஒரு நட்சத்திரத்து உயிர், ஒரு மனிதரின் வாயைக் கடன் வாங்கிக்கொண்டு நமக்குப் புத்தி சொல்வதுதான் சேனலிங்.

கேட்கிற கேள்விகளைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு ரகம். போர் வருமா, மழை பெய்யுமா, தங்கம் இன்னும் ஏறுமா என்பது ஒரு ரகம். அப்பாவை எந்த மகன் வைத்துக்கொள்வது, நிலத்தை எப்படிப் பிரிப்பது, பெண் விரும்பியவனுக்கே கட்டி வைக்கலாமா என்பது இன்னொன்று. சாமி உண்டா, ஆவி உண்டா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அது இங்கே தீராது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சொன்ன வாக்கு தப்பாகப் போனால், மறுநாள் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

சாமியாடியிடமிருந்து தொடங்கலாம். நம் பக்கத்தில் பம்பைக்காரர் வர்ணித்துப் பாடித்தான் சாமியை வரவழைப்பார். பம்பையும் உடுக்கையும் ஏற ஏற ஒருவருக்கு உடம்பு நடுங்கும், வேப்பிலையைக் கையில் கொடுப்பார்கள், அப்புறம்தான் முக்கியமான கட்டம். வந்திருப்பது சாமிதானா என்று ஊர் கேட்கும். நீ யார், உன் எல்லை எது, எதற்கு வந்தாய் என்று பெரியவர்கள் விடாமல் கேட்பார்கள். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் பண்ணச் சொல்வதும் உண்டு. சில இடங்களில் பொட்டலத்துக்குள் மறைத்து வைத்த பூ என்ன பூ என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் 'இது சாமி இல்லை' என்று பம்பையை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பரிசோதனை எவ்வளவு கறாரானது என்பது வேறு பேச்சு. ஆனால் பரிசோதிக்கும் உரிமை கேட்பவனுக்கு இருக்கிறது. மற்ற மூன்றிலும் இந்த அளவுக்கு அது இல்லை.

இன்னொரு விஷயம், சாமி திட்டும். 'பெத்தவளைத் திண்ணையில போட்டுட்டு எனக்குப் பொங்கல் வைக்க வந்தியா?' என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடும். அருள் வந்தவர் அதே ஊர்க்காரர், யார் வீட்டில் யார் பட்டினி என்பது அவருக்கு அருள் வராமலே தெரியும் என்று சிரிப்பவர்கள் உண்டு. சரிதான். அதனால்தான் அந்தத் திட்டுக்கு மதிப்பு என்று நான் சொல்வேன். சொந்தப் பெயரில் சொன்னால் சண்டையாகிவிடும் ஒரு நியாயத்தை, சாமி பெயரில் சொல்ல ஊருக்கு ஒரு வழி கிடைக்கிறது. கூலிவேலை செய்யும் ஒரு பெண்மணி அருள் வந்த நேரத்தில் ஊர்ப் பெரிய தனக்காரரை 'டேய்' என்று கூப்பிட முடியும். சாமி மலையேறினதும் அவரே அந்த வீட்டு வாசலைப் பெருக்கப் போக வேண்டியிருக்கும், அது தனிக் கதை.

இதே இடத்தில்தான் பெரிய ஓட்டையும் இருக்கிறது. குலசாமி குலத்தின் மனசாட்சியோடுதான் பேசும். அந்தக் குலமே சேர்ந்து ஒரு தப்பைச் சரி என்று நினைத்தால் சாமியும் அப்படித்தான் நினைக்கும். 2012 நவம்பரில் சாதி மாறிய ஒரு கல்யாணத்தைக் காரணம் காட்டி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அப்படிப்பட்ட மாவட்டத்தில் 'வேற சாதிப் பையனுக்குக் கட்டி வைக்கலாமா சாமி?' என்று குலசாமியிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பதைக் கேட்பவரே எழுதி வைத்துவிட்டுப் போகலாம். பங்காளித் தகராறுக்கு நல்ல நீதிபதியாக இருக்கும் சாமி, சாதி விஷயத்தில் வழக்கின் ஒரு தரப்பாகிவிடுகிறது.

குறி தவறுவதும் புதுசு இல்லை. காதலால் மெலிந்த பெண்ணுக்கு முருகன் அணங்கிவிட்டான் என்று சொல்லி ஆட்டை வெட்டி வெறியாடும் வேலன் என்ற பூசாரியைச் சங்கப் பாடல்களிலேயே பார்க்கிறோம். உண்மைக் காரணம் தெரிந்த தோழி பக்கத்தில் நின்று மனசுக்குள் சிரிக்கிறாள். ஈராயிரம் வருசமாக நாம் குறியும் கேட்கிறோம், குறிகாரரைக் கேலியும் பண்ணுகிறோம்.

பூ போட்டுக் கேட்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நான் அதிகம் மதிக்கும் முறை அது என்றாலும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில். சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான். நடுவில் விளக்கம் சொல்ல ஆள் கிடையாது, காணிக்கை பேரம் கிடையாது. கேள்வியை ஆமாம்-இல்லை என்று வரும்படி நீங்களே செதுக்கியாக வேண்டும், அதற்கே ஒரு வாரம் ஆகும். அண்ணன் தம்பி சேர்ந்து கேட்பதானால் என்ன கேட்பது என்பதில் முதலில் ஒத்துப்போக வேண்டும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பிடிக்காத பூ வந்தால் மறுபடி போடச் சொல்லும் ஆட்களை என்ன செய்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

ஜீவநாடிக்கு வருவோம். வைத்தீஸ்வரன்கோயில் பாணி நாடி ஜோதிடம் வேறு. அங்கே ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது கட்டைவிரல் ரேகை எடுத்து, ஓலை ஓலையாக எடுத்து 'அப்பா பெயரில் இந்த எழுத்து வருமா, கூடப் பிறந்தவர் இருவரா' என்று கேட்டுக்கொண்டே போவார்கள். நாம் சொல்லும் ஆமாம், இல்லைகளே ஓலையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகின்றன என்பது கொஞ்சம் நிதானமாகக் கவனித்தால் புரியும். ஜீவநாடியில் ரேகையும் இல்லை, தேடலும் இல்லை. கேள்வி கேட்ட அந்த நிமிஷத்தில் ஓலையில் எழுத்து தோன்றும், அது வாசிப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் என்பது நம்பிக்கை. அதாவது சேனலிங்தான், நடுவில் ஒரு ஓலை இருக்கிறது.

அந்த ஓலை சும்மா இல்லை. அகத்தியர், போகர் என்ற பெயரும் செய்யுள் நடைத் தமிழும் சேர்ந்து, எதிர்க்கேள்வி கேட்க வேண்டிய வாயை அடைத்துவிடுகின்றன. சாமியாடியிடம் 'நீ எந்தச் சாமி?' என்று கேட்கும் அதே பெரியவர், ஜீவநாடி வாசிப்பவரிடம் 'ஓலையைக் கொஞ்சம் காட்டுங்க' என்று கேட்கக் கூசுகிறார். சொல்லப்படும் புத்தி பெரும்பாலும் நல்ல புத்திதான்: அன்னதானம் செய், வாயில்லா ஜீவனுக்குத் தண்ணீர் வை, பெற்றவர்களைப் பார்த்துக்கொள். இதைச் செய்து யாரும் கெட்டுப்போகப் போவதில்லை. உலகத்துக்கு அழிவு வருகிறது, இந்தத் தேதிக்குள் இத்தனை விளக்கு ஏற்று என்று வரும் பார்வர்டுகள்தான் பிரச்சினை. தேதி போய்விடும். அழிவு வராவிட்டால் விளக்கு காப்பாற்றியது, வந்துவிட்டால் சித்தர் முன்பே சொன்னார். எந்தப் பக்கம் போனாலும் தோற்காத வாக்கை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது.

சேனலிங் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் அடையாறை மறந்துவிடுகிறார்கள். 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை 1882இல் அடையாறுக்குக் குடிவந்தது. கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்கள், சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் வழியாகக் கடிதம் அனுப்புவதாகச் சொல்லப்பட்டது. லண்டனில் இருந்த ஆவியுலக ஆராய்ச்சிக் கழகம் விசாரிக்க அனுப்பிய ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் 1885இல் எல்லாம் மோசடி என்று அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையே ஒருதலைப்பட்சமானது என்று 1986இல், ஹாட்ஜ்சனை அனுப்பிய அதே கழகத்தின் இதழிலேயே கட்டுரை வந்தது. அப்புறம் உலக ஆசான் ஒருவர் குடியேறிப் பேசப்போகும் உடம்பு என்று ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சிறுவயதிலேயே வளர்த்து, 1911இல் அவருக்காக ஒரு சங்கமும் அமைத்தார்கள். 1929இல் அவர் அந்தச் சங்கத்தைக் கலைத்துவிட்டு வெளியே வந்தார். வாய் கொடுக்க வேண்டியவரே மாட்டேன் என்று சொன்னது இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம்.

இன்று ஜூமில் கேட்பதெல்லாம் அமெரிக்காவில் 1960களுக்குப் பிறகு பரவிய வகை. ஜேன் ராபர்ட்ஸ் என்ற எழுத்தாளர் 1963இல், ஆவி எழுத்து காட்டும் என்று நம்பப்படும் வீஜா பலகையில் தொடங்கி 'சேத்' என்ற குரலுக்கு வாய் கொடுத்தார். அவரைப் போன்றவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். 1853இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, ஆவி மேசையை நகர்த்துகிறது என்று நம்பியவர்களின் கைக்கும் மேசைக்கும் நடுவே நழுவும் அட்டைகளை வைத்துப் பார்த்தார். தள்ளியது அவர்கள் கைதான், தள்ளுகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. கைக்கு நடப்பது நாக்குக்கும் நடக்கலாம்.

ஆனால் நல்லது கெட்டது கேட்க சேனலிங் சரிப்படாது என்பதற்கு என் காரணம் வேறு. அந்தக் குரல் யாரையும் திட்டுவதில்லை. நடப்பதெல்லாம் உன் ஆன்மா தேர்ந்தெடுத்த பாடம், யாரையும் தீர்ப்பிடாதே, உன் அதிர்வை உயர்த்திக்கொள் என்று இதமாகப் பேசும். பெங்களூர் ஹைவேயில் தினமும் நசுங்கி வீடு வந்து சேர்கிற ஒருவருக்கு அந்த இதம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் தம்பி பங்கை எழுதி வாங்கிக்கொண்ட அண்ணனுக்கும், பங்கை இழந்த தம்பிக்கும் அது ஒரே பதிலைச் சொல்கிறது. ஏமாந்தவனும் தன் பாடத்தைத்தான் படிக்கிறான் என்றால் ஏமாற்றியவன் நிம்மதியாகத் தூங்கலாம். தப்பாகப் போனால் மறுநாள் கேட்க வாசலும் கிடையாது, வந்து பேசியது ஏழு நட்சத்திரம் தள்ளி இருக்கிறது.

உலக விவகாரத்தில் நாலுமே தேறாது. உள்ளூர்ச் சாமி இதில் நாணயமானது, அது உக்ரைனைப் பற்றிப் பேசுவதில்லை. மழை, மாடு, மாங்காய் விளைச்சல் அளவோடு நின்றுகொள்ளும். பூ வழிக்கு உலக அளவில் சிவன்மலை ஒன்று உண்டு. காங்கேயம் பக்கம், நம் மாவட்டம் இல்லை. பக்தர் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்ல, சாமி முன் பூ போட்டு உத்தரவு கேட்டு, அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். செய்தித்தாளில் படம் வந்ததும் நம்ம ஊர் டீக்கடையிலும் பேச்சு தொடங்கிவிடும். தண்ணீர் வைத்தார்கள், சுனாமி வந்தது என்பார்கள். நடந்தபிறகு பொருத்திப் பார்க்கும் கதைதான். இருந்தாலும் கோயில் ஒரு பொருளை வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது, பலன் சொல்வதை ஜனங்களிடம் விட்டுவிடுகிறது. அந்த அடக்கம் பாராட்டத்தக்கது.

சேனலிங்கில் அந்த அடக்கம் கிடையாது. 1954இல் சிகாகோ பக்கத்தில் ஒரு பெண்மணியின் கை தானாக எழுதியது: டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம், பறக்கும் தட்டு வந்து நம்பியவர்களை மட்டும் ஏற்றிக்கொள்ளும். வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்கூட இருந்தார்கள். வெள்ளம் வரவில்லை, தட்டும் வரவில்லை. விடிவதற்குள் அதே கை இன்னொரு வாக்கு எழுதியது, உங்கள் ஒளியால் உலகம் தப்பியது என்று. மேலே சொன்ன விளக்குக் கணக்கேதான்.

போரைப் பற்றி வாக்கு வேண்டுமானால் தகடூர் என்று பழைய பெயர் கொண்ட நம் தருமபுரியிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அருள் வந்து பேசவில்லை. உன் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி அழகாக இருக்கின்றன, அவனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று தன் வாயாலேயே, தன் பெயரிலேயே சொன்னார். கோபம் வந்தால் அவர் கழுத்துக்குத்தான் ஆபத்து.

எந்த வழியாக இருந்தாலும் கேட்கவே கூடாதவை சில உண்டு. நோய் முதலாவது. மந்திரத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அடுத்து, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தருமபுரிக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது என்றால், இந்தக் கேள்வி இங்கே எங்கே கொண்டு போய் விட்டிருக்கிறது என்று விளக்க வேண்டாம். மூன்றாவது, செய்வினை வைத்தது யார் என்பது. ஒரு பெயர் வந்துவிட்டால் பக்கத்து வீட்டோடு இரண்டு தலைமுறைக்குப் பேச்சு நின்றுபோகும். பரிகாரம் ஆயிரங்களில் தொடங்கினால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மனசு சரியில்லை, பேச ஒரு குரல் வேண்டும் அவ்வளவுதான் என்றால் சேனலிங் கேட்டுவிட்டுப் போகட்டும், பணம் கட்டாதவரை. ஜீவநாடி அன்னதானம் செய்யச் சொன்னால் செய்யலாம், தேதி சொன்னால் அந்த மெசேஜை அழித்துவிடலாம். வாக்கே கேட்காமல் தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவருக்குப் பூசணி விளக்கு ஏற்றிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை எனக்குப் பிடிக்கும். பெண் கல்யாணத்தைப் பற்றிக் கேட்க வேண்டியது அந்தப் பெண்ணிடம். நிலத் தகராறு என்றால் முதலில் சர்வேயரை வரவழைத்துக் கல் நட்டு, பட்டாவைப் பாருங்கள். அதற்குப் பிறகும் யாருக்கு எது என்று தீராவிட்டால், பங்காளிகள் எல்லாரும் ஒன்றாகக் குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூ போட்டுக்கொள்ளலாம். சின்னப் பங்காளியை விட்டுவிட்டுப் போகாதீர்கள், அவன் அப்புறம் கோர்ட்டுக்குப் போவான்.