சாட்ஸ்வொர்த் பட்டறையில் என் பழைய மானிட்டர்

இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கொமடோர் 1084எஸ் மானிட்டரை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள என் வீட்டில் அமிகா 500 கணினியோடு இணைத்தேன். வெள்ளைத் திரையின் ஒரு மூலையில் மஞ்சள் கறை, எதிர் மூலையில் ஊதாக் கறை. அங்கும் இங்கும் பிஏஎல் (PAL) என்ற வண்ணத் தொலைக்காட்சி முறைதான், 625 வரிகள், 50 ஹெர்ட்ஸ். அதனால் படம் ஆடாமல் நின்றது, நிறம்தான் கெட்டிருந்தது. விற்றவரைத் திட்டிக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுதி முடிக்கவிடாமல் தடுத்தவர் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கார் கொட்டகையையே பட்டறையாக்கிக்கொண்ட ஓர் அண்ணன். இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976-இல்தான். வந்தபோதே வண்ணத்தோடு வந்தது. அன்று முதல் பெட்டிகளைத் திறந்து மூடுகிறவர் அவர்.

"தம்பி, விற்றவனைத் திட்டாதே. இது வடக்கு அரைக்கோளத்துக்கென்று சரிசெய்த படக்குழாய்" என்றார். பூமியின் காந்தப்புலம் இங்கிலாந்தில் கீழ்நோக்கிச் சாய்கிறது, இங்கே மேல்நோக்கி. திரையில் படத்தை வரையும் எலக்ட்ரான் கற்றை இம்மியளவு விலகினாலும் சிவப்புப் புள்ளியில் விழவேண்டியது பக்கத்துப் புள்ளியில் விழுந்துவிடும். அந்தக் காலத்தில் குழாய்களை எந்த அரைக்கோளத்துக்குப் போகின்றன என்று பார்த்தே சரிசெய்து அனுப்பினார்களாம்.

அரை மணி நேரம் சூடேறும் வரை பெட்டியை அவர் தொடவே இல்லை. பிறகு காந்தநீக்கச் சுருளைத் திரைமுன் வட்டமிட்டுக் காட்டியதும் பாதிக் கறை போனது. மீதிக்குக் குழாயின் கழுத்திலிருந்த காந்த வளையங்கள். சிவப்பை மட்டும் எரியவிட்டு, கற்றையைத் திருப்பும் விலக்கச் சுருளைப் பின்னால் இழுத்து, சிவப்புத் திட்டு நடுவில் வந்து நிற்கும்வரை இரண்டு வளையங்களையும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு வலது கையால் மட்டுமே வேலை செய்தார்.

அடுத்தது அளவு. 14 அங்குலம் என்று வாங்கியது, அளந்தால் 13 தான் வந்தது. அந்த 14 கண்ணாடிக் குழாயின் மூலைக்கு மூலை குறுக்களவு. ஓரத்தைச் சட்டம் மறைத்துவிடுகிறது. 13 அங்குலம் என்றால் 33 செ.மீ.; 4:3 விகிதத்தில் 26.4 அகலம், 19.8 உயரம். நான் தையல் நாடாவை வைத்து அளந்திருந்தேன் என்று சொன்னதும் சிரித்தார். நாடா வளைவைத் தொடர்ந்து போய்க் கூட்டிக் காட்டும். பள்ளிக்கூடத்து ஒளிபுகும் அளவுகோலை எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடி, கட்டம் போட்ட சோதனைப் படத்தை நேர் எதிரே நின்று அளந்தார். சதுரமாக இருக்க வேண்டிய நடுக்கட்டம் 22 மி.மீ. உயரம், 20 மி.மீ. அகலம். வட்டங்கள் முட்டையாகத் தெரிந்தது அதனால்தான். உலோகம் பட்டால் சுருளின் மின் தூண்டல் அளவே மாறிவிடும் என்று பிளாஸ்டிக் திருப்புளியால் அகலச் சுருளைத் திருகினார். மூலையில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இன்னும் இருக்கிறது; அதற்கு மேல் குழாய் இடம் கொடுக்கவில்லை.

திரை முழுவதையும் நிரப்பித் தரச் சொன்னேன். கறுப்பு விளிம்பு எனக்குப் பிடிக்காது. "விளிம்பை விழுங்கினால் வட்டம் மறுபடியும் கெடும்" என்று மறுத்துவிட்டார். சண்டை போட்டுப் பார்த்தேன், பயனில்லை. இப்போது பார்த்தால் அவர் செய்ததே சரி.

கூலி 600 ரேண்ட். கொடுத்த வேலைக்கு அதிகமில்லை. குறை என்றால் காலம்தான். மூன்று நாளில் முடிய வேண்டியது மூன்று வாரம் இழுத்தது. பாதி மின்வெட்டால், பாதி தைப்பூசக் காவடிக்காகப் பட்டறையைப் பூட்டிவிட்டதால். ரசீது கேட்டால் சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதித் தருகிறார். தொலைபேசியை எடுப்பதே இல்லை. நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். தெற்கு நோக்கி வைத்துச் சரிசெய்திருக்கிறார். வீட்டிலும் தெற்கு நோக்கியே வைக்க வேண்டும், பக்கத்தில் ஒலிபெருக்கி கூடாது. அதனால் எங்கள் வீட்டு மேசை இப்போது ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. மனைவி இன்னும் பேசவில்லை.