சூடான எஞ்சினில் பிளக் கழற்ற விடாதீர்கள்: கோவையில் என் காருக்கு நடந்தது

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் ஸ்பார்க் பிளக்கை (சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் பாகம்) மாற்ற வண்டியை விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நாலு பிளக்கை மாற்றும் சின்ன வேலை, என் வண்டியில் ஹெட்டை, அதாவது பிளக் மாட்டியிருக்கும் எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றும் வேலையாக முடிந்தது. ஆறாயிரத்துக்குள் முடிய வேண்டிய செலவு முப்பதாயிரத்தைத் தாண்டியது. பணம் போனதை விட, உடைத்தவர்கள் உடைத்ததைச் சொல்லாமலே சாவியைக் கையில் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

புகார் நடந்துகொண்டிருப்பதால் ஒர்க்‌ஷாப்பின் பெயரைப் போடவில்லை. கோவையில் எல்லா கம்பெனி காரும் பார்க்கும் இடம், ஏசி வெயிட்டிங் ரூம், பளபளப்பான தரை. என் கார் ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கியிருந்தது. கம்பெனியிலிருந்து போட்டு வந்த இரிடியம் பிளக், மாற்ற வேண்டிய நேரம். ஈரோட்டிலிருந்து ஹைவேயில் ஓட்டிவந்து நேராக அங்கே விட்டேன். சாவி வாங்கிய சூட்டோடு பானெட்டைத் திறந்து, பிளக்குக்கு மேலே உட்கார்ந்து அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். "எஞ்சின் இன்னும் கொதிக்குதே, ஆறட்டுமே" என்றேன். "சூட்டுலதான் சார் ஈஸியா வரும்" என்று சொல்லி அட்வைசர் என்னை உள்ளே உட்காரவைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏர் கன் ஓடும் சத்தம் கேட்டது. வீல் நட்டு கழற்றுகிற அதே கன்.

மதியம் தாண்டித்தான் வண்டி வந்தது. "ஒண்ணு மட்டும் கொஞ்சம் டைட்டா இருந்துச்சு சார், எடுத்துட்டோம்" என்றார்கள். பழைய பிளக்குகளைக் கேட்டேன். மூன்றைக் கொடுத்துவிட்டு, நாலாவது ஸ்கிராப்பில் போய்விட்டது என்றார்கள். பில்லில் பிளக் நாலு, லேபர், த்ரோட்டில் பாடி கிளீனிங் என்று இருந்தது. வேறு ஒரு வரி இல்லை.

சில வாரம் கழித்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது 'சிக் சிக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதிகமானது. அப்புறம் இழுவை குறைந்தது. ஈரோட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் எஞ்சினை ஒரு ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலையில்தான் கை வைத்தார். மூன்றாவது சிலிண்டரின் காயிலைத் தூக்கியதும், அதன் ரப்பர் முழுக்கக் கரி. எரியும் காற்று பிளக்கின் ஓரமாகவே மேலே தப்பித்து வந்திருக்கிறது. பிளக்கைத் திருகியபோது அதோடு சேர்ந்து ஒரு கம்பிச் சுருளும் கழன்று வந்தது.

அந்தச் சுருளுக்குப் பெயர் ஹெலிகாயில். ஹெட்டில் மரை போய்விட்டால், ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, உள்ளே ஒரு ஸ்டீல் சுருளை வைத்து அதில் பிளக்கைத் திருகுவார்கள். அதாவது, பழைய பிளக் கழுத்தோடு உடைந்து மரைப் பகுதி ஹெட்டுக்குள் மாட்டியிருக்கிறது. அதை நோண்டி எடுத்ததில் ஹெட்டின் மரையும் போயிருக்கிறது. எனக்குத் தெரியாமல் சுருளை வைத்து மூடியிருக்கிறார்கள். ஸ்கிராப்பில் போனதாகச் சொன்ன நாலாவது பிளக் இதுதான்.

ஹெலிகாயில் வைப்பது தப்பில்லை. ஒழுங்காக வைத்தால் அந்த மரை எஞ்சினின் ஆயுளுக்கும் நிற்கும். ஆனால் நேராக வெட்ட வேண்டும், மரையின் முழு நீளத்துக்கும் சுருள் இருக்க வேண்டும். மரை வெட்டும் டேப் கருவியை ஓட்டும்போது அதன் பள்ளங்களில் கிரீஸ் தடவி அலுமினியத் துகளைப் பிடிக்க வேண்டும், முடிந்ததும் கேமரா விட்டு சிலிண்டருக்குள் பார்க்க வேண்டும். என் வண்டியில் சுருள் குட்டை, அதுவும் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அண்ணன் கேமராவை விட்டுக் காட்டினார், சிலிண்டர் சுவரில் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. கடைசியில் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்து, சுருளுக்குப் பதில் கெட்டியான ஸ்டீல் புஷ் (உள்ளே மரை உள்ள குழாய்) போட்டு, புது கேஸ்கெட் வைத்துக் கட்டினோம். கீறல் ஆழமில்லை என்பது மட்டும் ஆறுதல்.

பிளக் ஏன் உடைகிறது என்பது தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் ஹெட் அலுமினியம், பிளக்கின் உடம்பு ஸ்டீல். சூடானால் அலுமினியம் ஸ்டீலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஓட்டை பெரிதாகும், அதனால் பிளக் சுலபமாக வரும் என்று இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் சூட்டில் அலுமினியம் கொஞ்சம் மென்மையாகும். லட்சம் கிலோமீட்டர் அசையாமல் உட்கார்ந்து, கரியும் துருவும் ஏறிய மரையை அந்த நிலையில் வேகமாகத் திருப்பினால், ஸ்டீல் மரை அலுமினியத்தைச் சுரண்டிக்கொண்டே வரும். சுரண்டிய துகள் மரைக்கு நடுவில் சிக்கி மேலும் இறுக்கும். அதற்கு மேல் கன் வைத்து அடித்தால் பிளக் கழுத்தில் முறியும், இல்லையென்றால் மரை போகும். பிடிவாதமான பிளக்குக்கு லேசான வெதுவெதுப்பு உதவும் என்று சொல்லும் நல்ல மெக்கானிக்குகளும் உண்டு. கை வைத்தால் பொறுக்கிற சூடு வேறு, நூறு கிலோமீட்டர் ஓடிவந்த சூடு வேறு.

அமெரிக்காவில் ஃபோர்டின் 5.4 லிட்டர் V8 எஞ்சின், சிலிண்டருக்கு மூன்று வால்வு உள்ளது, கழற்றும்போது பிளக் உடைவதற்குப் பேர்போனது. 2004 முதல் 2008 வரை வந்த எஃப்-150 வண்டிகளில் அது இருந்தது. அந்தப் பிளக்கின் அடிப்பாகம் நீளமான மெல்லிய குழாய், மேல்பாகத்தோடு சேர்த்துப் பொருத்தியது. குழாயைச் சுற்றிக் கரி ஏறி ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும். திருப்பினால் மேல்பாகம் கையில் வரும், குழாய் உள்ளேயே நிற்கும். அதற்கு ஃபோர்டே மெக்கானிக்குகளுக்குத் தனியாக ஒரு வழிமுறை வெளியிட்டது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் சுற்று வரை மட்டும் தளர்த்த வேண்டும், கார்புரேட்டர் கிளீனரைப் பிளக் குழிக்குள் ஊற்றிக் குறைந்தது 15 நிமிடம் ஊறவிட வேண்டும், பிறகு முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும். ஒட்டிக்கொள்கிற காரணம் நம் ஊர் வண்டிகளில் வேறு. ஆனாலும் ஆறவிடுவது, ஊறவிடுவது, கொஞ்சம் தளர்த்தித் திரும்ப இறுக்கி மறுபடி தளர்த்துவது, இதெல்லாம் எந்த வண்டிக்கும் பொருந்தும். ஈரோட்டு அண்ணன் மற்ற மூன்றையும் இப்படித்தான் சரிபார்த்தார், ஒன்றைக்கூட அவசரப்படுத்தவில்லை.

நம் ஊரில் இன்னொரு காரணம் வாட்டர் வாஷ். எஞ்சின் மேல் பிரஷர் தண்ணீரை அடித்தால், காயிலின் ரப்பர் பழசாக இருந்தால் தண்ணீர் பிளக் குழிக்குள் இறங்கி அங்கேயே நிற்கும். பிளக்கின் உடம்பு துருப்பிடித்து ஹெட்டோடு பிடித்துக்கொள்ளும். எஞ்சினின் மேல் மூடியான வால்வ் கவரின் சீல் கசிந்தால் குழியில் ஆயில் தேங்கும். எதுவாக இருந்தாலும், கழற்றுவதற்கு முன் கம்ப்ரெஸர் காற்றால் குழியை ஊதிச் சுத்தம் செய்யவில்லை என்றால், மண்ணெல்லாம் சிலிண்டருக்குள்தான் போகும்.

திரும்பப் போடுகிற வேலையிலும் அடுத்த முறைக்கான வினை இருக்கிறது. புதுப் பிளக்கைக் கையால் மட்டும் திருகி உட்காரவைக்க வேண்டும். கையால் போகவில்லை என்றால் மரை மாறிப் பிடிக்கிறது என்று அர்த்தம், ஸ்பேனர் போட்டுத் தள்ளக் கூடாது. பிறகு, எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். வாஷர் உள்ள, 14 மில்லிமீட்டர் மரை கொண்ட பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20, பைக்குகளில் வரும் 10 மில்லிமீட்டருக்கு 10 முதல் 12. உங்கள் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. சிலர் நல்லது செய்வதாக நினைத்து மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஆன்டி சீஸ் கிரீஸைத் தடவுகிறார்கள். பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனம் தன் முலாம் பூசிய பிளக்குகளுக்கு அது வேண்டாம் என்றே சொல்கிறது. வழுக்கலில் ரெஞ்ச் காட்டும் அளவை விட 20 சதவீதம் வரை கூடுதலாக இறுகிவிடலாம், பிளக்கின் கழுத்து இழுபட்டு முறியவும் அது காரணமாகும்.

ஆகவே வண்டியை முதல் நாள் சாயங்காலமே விட்டுவிட்டு, காலையில் எஞ்சின் ஆறியபின் கழற்றச் சொல்லுங்கள். கையால்தான் கழற்ற வேண்டும், ஏர் கன் கூடாது என்பதையும் பிளக் இறுக்கமாக இருந்தால் நிறுத்திவிட்டு உங்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் ஜாப் கார்டில் எழுதவையுங்கள். வாயால் சொன்னால் போதாது. டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். பழைய பிளக் அத்தனையும் முழுசாகக் கைக்கு வர வேண்டும், ஒன்று குறைந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். பழைய வண்டியில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு பிளக் உடையலாம். நல்ல மெக்கானிக் அதை உங்களிடம் காட்டி, என்ன செய்யப்போகிறார், எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார்.

நான் ஈரோட்டு பில், கேமரா படம், அந்தச் சுருள் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டியபோது, "நீங்க வெளியில யார்கிட்ட கொடுத்தீங்களோ" என்று சொல்லிவிட்டார்கள். லேபர் பணத்தை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அடுத்தது நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

சமீபத்தில் எங்கேயாவது பிளக் மாற்றியிருக்கிறீர்கள், இப்போது எஞ்சினில் 'சிக் சிக்' என்று சத்தம் வருகிறது என்றால், சரியாகிவிடும் என்று ஹைவேக்கு எடுத்துப்போகாதீர்கள். மரை பிடிக்காத பிளக் ஓட்டத்தில் தெறித்து வெளியே வரலாம். எஞ்சின் ஆறியதும் காயிலைத் தூக்கி ரப்பரில் கரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், அப்படியே போட்டோ எடுத்து வைத்துக்கொண்ட பிறகே பிளக்கில் கை வைக்க விடுங்கள்.