அணிலைக் கேட்டா அஞ்சு ஸ்டார், நான் ரெண்டுதான்

லாஸ்பேட்டையில வீட்டோட தையல் வேலை பாக்கறேன். மெஷின் ஜன்னல் ஓரம். வெளிய நாலடியில மாதுளை, அதுக்கு அந்தாண்ட கறிவேப்பிலை, 2011 தானே புயல்ல சாஞ்ச மாமரத்தோட அடிக்கட்டை. நாள் பூரா ஊசியையே பாத்தா கண்ணு எரியுதேன்னு ஆடி மாசம் ஆன்லைன்ல குருவிக்குத் தீனி போடற தொங்கு குழாய் ஒண்ணு வாங்கினேன். 349 ரூபாய். கம்பெனி பேரு வேணாம், எல்லாமே ஒரே அச்சுல வார்த்த மாதிரிதான் விக்குது.

கூட வந்த தீனிப் பாக்கெட்ல பாதிக்கு மேல சூரியகாந்தி விதை. எங்க வீட்டுச் சிட்டுக்குருவிங்க கம்பு, தினையை மட்டும் பொறுக்கிட்டு மத்ததை அலகால தட்டிக் கீழ தள்ளுதுங்க. மழை பெஞ்சதும் மாதுளை அடியில சூரியகாந்தி முளைச்சு நிக்குது! அப்புறம் மளிகைக்கடையில கம்பும் தினையும் அரைக்கிலோ வாங்கி நொய்யோட கலந்து போட்டேன். அதுல குறையே இல்ல.

மூணாவது வாரம் அணில் கண்டுபிடிச்சிருச்சு. பின்னங்காலால கயித்தைப் பிடிச்சுத் தலைகீழா தொங்கிக்கிட்டு, தீனி வர்ற ஓட்டையோட விளிம்பைக் கொறிச்சுக் கொறிச்சு ரெண்டு விரல் போற அளவுக்கு ஆக்கிருச்சு. மறுநாள் கயிறும் அறுந்துது. இப்ப பாவாடை நாடாவுல தொங்குது. அணில்தான் நம்ம புதுச்சேரியோட மாநில விலங்கு. எங்க போய்ப் புகார் கொடுக்கறது? மாநிலப் பறவை குயிலு. அது குழாய்ப் பக்கமே திரும்பல, கறிவேப்பிலைப் பழத்துக்குத்தான் வருது. பொட்டைக்குயில் கறுப்பா இருக்காது, பழுப்பு உடம்புல வெள்ளைப் புள்ளி. அதை வேற ஏதோ பறவைன்னு நினைச்சே பல வருஷம் ஓட்டியிருக்கேன்.

ஐப்பசி மழைதான் குழாயோட மானத்தை வாங்குச்சு. மூடி வழியா தண்ணி இறங்குது, வடிய கீழ ஓட்டை இல்ல. கம்பு கட்டிகட்டியா பூசணம் பிடிச்சு நாறுது. பூசணத் தானியம் பறவைக்கு ஆகாது, மொத்தத்தையும் கொட்டிட்டேன். அடிப்பாகம் கழட்ட வராததால நாடா கோக்கற ஊசியை விட்டு ஒரு மணி நேரம் நோண்டினேன். மழைக்காலத்துல இதைக் கழட்டி உள்ள வெச்சிடுங்க.

இதுக்கு நடுவுல வில்லியனூர் போனப்ப 80 ரூபாய்க்கு அகலமா ஒரு மண் தட்டு வாங்கி அந்த அடிக்கட்டை மேல வெச்சேன். ரெண்டு விரக்கடை தண்ணி, நடுவுல ஒரு கல்லு. அவ்வளவுதான். ஆனா கூட்டம் இங்கதான். நாலு மணி ஆனா தவிட்டுக்குருவிங்க ஏழெட்டு கத்திக்கிட்டே வரும். ஒண்ணு மாதுளை உச்சியில காவல், மத்ததுங்க ரெண்டு ரெண்டா இறங்கிக் குளிக்கும். நனைஞ்சதும் பாதியா சுருங்கிப்போய், ஒரே கிளையில இடிச்சுக்கிட்டு உக்காந்து ஒண்ணுக்கொண்ணு கழுத்தைக் கோதிவிடும். வெளுத்த கண்ணு வேற, எப்பவும் யாரையோ முறைக்கற மாதிரியே இருக்கும். இதுங்க தானியத்தை ஏறெடுத்தும் பாக்கல. தரையில சருகைப் புரட்டிப் பூச்சி தின்னுதுங்க. தண்ணி மட்டும் வெக்காம இருந்தா என் ஜன்னலுக்கே வந்திருக்காது.

தட்டைத் தினம் தேங்காய் நாரால தேச்சுத் தண்ணி மாத்தணும். ஒரு வாரம் விட்டாலே கொசு வளந்து பறந்துடும். பூனை பதுங்கற புதர் பக்கத்துல வெக்காதீங்க.

தட்டுக்கு அஞ்சு ஸ்டார். குழாய்க்கு ரெண்டு: ஒண்ணு சிட்டுக்குருவிங்களுக்காக, இன்னொண்ணு அதோட வந்த இரும்புக் கொக்கிக்கு. இப்ப என் கத்தரிக்கோல் அதுலதான் தொங்குது.