ஸ்பெக்ட்ரமா, கமடோர் 64-ஆ? முதலில் எதை வாங்கலாம்

பழைய கம்ப்யூட்டர் சேர்க்கக் கிளம்புகிறவர்களில் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். என் அலமாரியில் இரண்டுமே இருக்கின்றன, ஆனால் அடிக்கடி கரண்ட் ஏறுவது ஒன்றுக்குத்தான்.

இரண்டும் 1982-இல் விற்பனைக்கு வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள். 48கே (48 கிலோபைட் மெமரி) ஸ்பெக்ட்ரம் இங்கிலாந்தில் 175 பவுண்டு, கமடோர் அமெரிக்காவில் 595 டாலர். அந்த விலை வித்தியாசம் திரையிலேயே தெரியும். கமடோரில் 16 நிறம், 8 ஸ்பிரைட் (திரையில் தனியாக நகர்த்தக்கூடிய உருவங்கள்), அப்புறம் பாப் யானஸ் வடிவமைத்த சிட் என்ற ஒலிச் சிப். மூன்றே குரல்தான், ஆனால் நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் அதற்காகவே வாங்கத் தோன்றும். ஸ்பெக்ட்ரமில் இருப்பது ஒரு பீப்பர், கொசு காதுக்குள் புகுந்த மாதிரி. நிறமும் எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டம் ஒன்றுக்கு இரண்டுதான், அதனால் சிவப்புச் சட்டைக்காரன் பச்சை மரத்தைக் கடந்தால் மரத்திலும் ஒரு துண்டு சிவந்துவிடும். (எனக்கு அதுதான் அழகு, வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.)

சரி, விளையாட்டுக்குக் கமடோர். நாற்பது வயதான பெட்டியை வைத்துப் பராமரிப்பது என்று வந்தால் கதை மாறுகிறது.

கமடோரின் பழைய அடாப்டரை நம்பவே கூடாது. உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், திறந்து பழுது பார்க்க வழியில்லை, ரெகுலேட்டர் போனால் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் கூடுதலாக ஏறி மெமரி சிப்களைக் கொன்றுவிடும். சிட் போனால் மாற்றுச் சிப் கிடைக்கிறது, ஆனால் பழைய சிட் மாடலான 6581-இன் ஒலி ஃபில்டர் சிப்புக்குச் சிப் வேறு மாதிரி ஒலிக்கும் என்பதால் உங்கள் பெட்டியின் அந்தக் குரல் போனது போனதுதான்.

ஸ்பெக்ட்ரமுக்கும் நோய் உண்டு. அடியில் ஐந்து திருகு, கழற்றினால் மூடி வந்துவிடும், ஆனால் வேகமாகத் தூக்காதீர்கள்: விசைப்பலகையிலிருந்து போர்டுக்குப் போகும் இரண்டு ரிப்பனும் காய்ந்த சருகு போல இருக்கும், லேசாக மடங்கினாலே முறியும். முறிந்தாலும் பயமில்லை, புது மெம்பிரேன் (அந்த ரிப்பன்களோடு வரும் விசைப்பலகையின் உள்தாள்) இன்னும் தயாரிக்கிறார்கள். கீழ்ப்பகுதி 16கே மெமரிக்கு 12, 5, மைனஸ் 5 என மூன்று வோல்டேஜ் வேண்டும். அதைத் தரும் சர்க்யூட்டில் டிஆர்4 டிரான்சிஸ்டர் போவது வழக்கம், மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் இருந்தால் வீட்டு மேசையிலேயே மாற்றிவிடலாம்.

அதனால் முதல் பெட்டி ஸ்பெக்ட்ரம் என்பேன். ‘ஜே’ விசையை ஒரே தட்டுத் தட்டினால் லோட் என்ற கட்டளை முழுச் சொல்லாகத் திரையில் விழுவதைப் பார்க்கும் சுகம் வேறு எதிலும் இல்லை.

இல்லை, கமடோர்தான் வேண்டும் என்றால் ஐரோப்பிய மாடலாகப் பாருங்கள், அமெரிக்கப் பெட்டி என்டிஎஸ்சி என்ற அந்த ஊர் டிவி முறைக்கானது, அதன் அடாப்டரும் 110 வோல்ட்டுக்கானது. எந்த நாட்டுப் பெட்டி கிடைத்தாலும் அடாப்டரை மட்டும் விற்றவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.