ரோஸ் மில்க் நிறத்தில் கியர் ஆயில்: பாடி ஒர்க்‌ஷாப் அனுபவம்

பாடி மேம்பாலத்தைத் தாண்டி அம்பத்தூர் எஸ்டேட் போகும் வழியில், ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒர்க்‌ஷாப். வேலைக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். வருகிறவர்களைக் கவனிக்கும் விதத்துக்கு இரண்டு போதும்.

என்னுடையது பழைய டீசல் எஸ்யூவி. இடது முழங்கால் தேய்ந்துபோய் கிளட்ச் மிதிக்க முடியாததால் வாங்கிய ஆட்டோமேட்டிக். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போகும்போது வண்டி முழுக்க ஒரு நடுக்கம் வர ஆரம்பித்தது. முதலில் காட்டிய இடத்தில் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுன்ட் போய்விட்டது என்று புதிதாக மாட்டிக் காசு வாங்கினார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது.

இங்கே இருக்கும் தம்பி முதலில் ஸ்கேனரைத் தொடவே இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினார். நடுக்கம் வந்ததும் ஆக்சிலரேட்டரை விடாமல், இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டார். சட்டென்று நின்றுவிட்டது. இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வர்ட்டர். நிதானமாகப் போகும்போது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டிப் பிடிக்க அதற்குள் ஒரு லாக்கப் கிளட்ச் உண்டு. பிரேக்கைத் தொட்டால் அது விட்டுவிடுமாம். அப்போது நடுக்கம் நின்றால் கோளாறு மவுன்ட்டில் இல்லை, அந்த கிளட்ச்சில்தான். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். கண்ணாடி மாதிரி சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் நுரையோடு ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது. அதில் நாலு சொட்டைச் சூடான இரும்புத் தகட்டில் விட்டார், படபடவென்று வெடித்தது. ஆயிலில் தண்ணீர் இருந்தால்தான் அப்படி வெடிக்கும். இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர்க் கலவையான கூலன்ட் இருக்கும் டேங்க் மூடியின் உள்பக்கமும் பிசுபிசுவென்று இருந்தது.

பல இடங்களில் இதைப் பார்த்தவுடனே கியர்பாக்ஸை இறக்கிவிடுவார்கள். இவர் தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று தெரியாமல் கைவைக்க மாட்டேன் என்றார். என் வண்டியில் கியர் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர், ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதில் விரிசல் விட்டால் இன்ஜின் ஓடும்போது அழுத்தம் அதிகமுள்ள ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். வண்டியை நிறுத்திய பிறகு ஆயில் அழுத்தம் இறங்கிவிடும், சூடான கூலன்ட்டின் அழுத்தம் இறங்காது. அப்போது கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போகும். ரேடியேட்டரைக் கழற்றி, கூலரின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். குமிழி வந்த இடத்தை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃப்ரன்டியர் வண்டிகளில் இதே கோளாறு வந்து, வழக்கு நடந்து, ரேடியேட்டருக்கு வாரண்டியையே நீட்டிக் கொடுத்தார்களாம். என்னுடையது வேறு கம்பெனி, எனக்கு வாரண்டியும் கிடையாது.

"ஆயிலை மட்டும் மாத்தி ஓட்ட முடியாதா தம்பி?" என்று கேட்டேன். முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். கழற்றிய கிளட்ச் பிளேட்டைக் கையில் கொடுத்து, "நகத்தால சுரண்டுங்கம்மா" என்றார். மேலே ஒட்டியிருந்த காகிதம் போன்ற பொருள் ஊறி உரிந்து வந்தது. பிளேட்டில் அதை ஒட்டும் பசையைத் தண்ணீரும், கூலன்ட்டில் கலந்திருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனமும் கெடுத்துவிடும். ஆயிலை வடித்தாலும் கன்வர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும். சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போனாலும் கிளைக்கால் அவ்வளவு சுலபமாகப் போகாது. சரி, செய்யுங்கள் என்றேன்.

பிளேட்டுகள், சீல்கள், ஃபில்டர் எல்லாம் புதிது. கன்வர்ட்டரை வெட்டித் திறந்து, உள்ளே கிளட்ச் மாற்றி, வெல்ட் வைத்து பேலன்ஸ் பார்த்து வாங்கி வந்தார்கள். கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியைப் பிரித்துக் கழுவினார்கள். புதுப்பேட்டையில் பழைய ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்குமே என்று நான் இழுத்தபோது தம்பிக்குக் கோபமே வந்துவிட்டது. புது ரேடியேட்டர்தான் போட்டார். கியர் ஆயிலை அதற்குள் விடாமல், முன்பக்கம் தனியாக ஒரு காற்றுக் கூலர் வைத்துத் திருப்பிவிட்டார். இனிமேல் ஆயிலும் கூலன்ட்டும் சந்திக்கவே வழியில்லை. கடைசியில் ஆயில் சூட்டை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே அளவு சரிசெய்து, கியர் மாறும் பழக்கத்தை வண்டிக்கு மறுபடி கற்றுக்கொடுக்க ஓட்டினார்.

மதிப்பீடு 1,60,000 ரூபாய், வந்த பில் 1,72,000. ஆயில் பட்டு ஊதிப்போன கூலன்ட் ஹோஸ்களை மாற்றியதற்குத்தான் கூடுதல். நியாயம்தான், ஆனால் மாற்றுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன் எடுப்பதே இல்லை. உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதிலும் கிரீஸ். கழிப்பறை பற்றிக் கேட்காதீர்கள், பெண்கள் யாரும் அங்கே காத்திருக்க முடியாது. பில்லும் முதலில் துண்டுச் சீட்டில்தான் வந்தது, ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

வண்டி இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த வேகத்திலும் நடுக்கமில்லாமல் போகிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலைக் காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்தார், நல்ல சிவப்பு. போவதாக இருந்தால் காலை பத்து மணிக்குள் நேரில் போய்விடுங்கள். அதற்கப்புறம் தம்பி ஏதாவது வண்டிக்கு அடியில் இருப்பார்.