இன்சோல் ஜோடியா, ஒற்றையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய ஒரே பெட்டி. உள்ளே ஜெல் இன்சோல்கள் (ஷூவுக்குள் பாதத்தின் கீழ் போடும் மெத்தை), பாலியெஸ்டர் லேஸ்கள், பித்தளை பக்கிள்கள், ரப்பர் செருப்பின் ஓட்டைகளில் செருகும் குட்டி பிளாஸ்டிக் பொம்மைகள். சீனாவிலிருந்து அனுப்பியவர் விலைப்பட்டியலில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி எழுதியிருந்தார்: காலணி உபபொருட்கள், 6406. சரக்கு எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண் அது; அதை வைத்துத்தான் தீர்வையை, அதாவது இறக்குமதி வரியை, முடிவு செய்வார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் செருப்புக்கடை வைத்திருக்கும் அண்ணன் அதை என்னிடம் நீட்டி, “அவர்களே எண் போட்டுவிட்டார்கள் தம்பி, அப்படியே பதிந்துவிடலாமே” என்றார். (பேச்சு பாதி ஆங்கிலத்தில்தான் நடந்தது, டர்பன் தமிழர் வழக்கம் அப்படி.) அப்படியே பதிந்திருந்தால் நான்கில் மூன்று தவறாகப் போயிருக்கும்.

6406 என்ற எண்ணின் பெயரைப் படித்தால் யாருக்கும் அந்த எண்ணம்தான் வரும். காலணியின் பாகங்கள், கழற்றி மாட்டும் இன்சோல், குதிகால் மெத்தை, கணுக்காலுக்கு மேல் கட்டும் கெய்ட்டர் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் இந்த எண்கள் இருக்கும் தீர்வைப் புத்தகத்தில், காலணிக்கான 64ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இரண்டாவது குறிப்பு கதவைச் சாத்திவிடுகிறது. ஆணி, தேய்மானம் தடுக்கும் தகடு, லேஸ் துளை வளையம், கொக்கி, பக்கிள், அலங்காரம், பின்னல் நாடா, லேஸ், குஞ்சம், பொத்தான் எதுவும் ‘பாகம்’ ஆகாது. அவை அவரவர் வீட்டுக்குப் போக வேண்டும். காலணிக்கென்றே செய்தவை என்ற வாதம் இங்கே எடுபடாது.

பித்தளை பக்கிளுக்கு வீடு 8308. அதே பக்கிள் பிளாஸ்டிக்கில் இருந்தால் 39ஆம் அத்தியாயம். பொம்மைகளும் அலங்காரம்தான், பிளாஸ்டிக் என்பதால் அவையும் 39. இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. லேஸ்தான் கொஞ்சம் வம்பு செய்யும். நாடாவாகப் பின்னியோ நெய்தோ முனையில் உறை போட்டிருந்தால் 6307. நூலையோ கயிற்றையோ அப்படியே வெட்டி முனை கட்டியிருந்தால் 5609. கையில் எடுத்துப் பிரித்துப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. விலைப்பட்டியல் இதையெல்லாம் சொல்லப்போவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே பித்தளை பக்கிள் ஷூவில் தைத்து வந்தால் சுங்கம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஷூவின் மேல்பகுதி தோலா துணியா என்று தீர்மானிக்கும்போது, வெளிப்பரப்பில் எந்தப் பொருள் அதிகம் என்று பார்ப்பார்கள். பக்கிளையும் அலங்காரத்தையும் விளிம்புப் பட்டையையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். உதிரியாக வந்தால்தான் அதற்குத் தனி எண், தனி மரியாதை.

உண்மையான போட்டி இன்சோலில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் 6406. மறுபக்கம் 9021, அதாவது எலும்பியல் சாதனங்கள். அட்டையில் ‘மருத்துவர் பரிந்துரை’ என்று அச்சடித்து, முதுகுவலிக்கு நல்லது என்று ஒரு படமும் போட்டுவிட்டால் 9021 கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அட்டை பேசுவதைச் சட்டம் கேட்பதில்லை. 90ஆம் அத்தியாயத்தின் ஆறாவது குறிப்பு முதலில் கேட்பது, கால் கோளாறைத் திருத்தும் சிறப்பு இன்சோலா என்பது. அதைத் தாண்டினாலும் இரண்டில் ஒன்று வேண்டும்: நோயாளியின் காலை அளந்து செய்ததாக இருக்க வேண்டும், அல்லது மொத்தமாகத் தயாரித்ததானால், ஜோடியாக அல்லாமல் ஒற்றையாக வர வேண்டும், இடது வலது எந்தக் காலுக்கும் ஒரே மாதிரி பொருந்த வேண்டும். இடது வலது என்று பிரித்து ஜோடியாக அடைத்த ஜெல் இன்சோல், எவ்வளவு இதமாக இருந்தாலும் 6406தான். என் கணிப்பில் கடைக்கு வரும் இன்சோல்களில் இந்தப் படியைத் தாண்டுவது அபூர்வம்.

எண்ணுக்கு ஏன் இவ்வளவு பாடு? தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலான தோல் ஷூக்களுக்குப் பொதுத் தீர்வை 30 சதவீதம். சுங்க மதிப்பு 10,000 ராண்டு என்றால் தீர்வை 3,000. மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். ஆனால் அதைச் சுங்க மதிப்பின் மீது மட்டும் போடுவதில்லை. மதிப்போடு பத்து சதவீதம் கூட்டி, தீர்வையையும் சேர்த்து, 14,000 மீது போடுவார்கள்: 2,100. மொத்தம் 5,100. தீர்வையே இல்லாத எண்ணானால் 11,000 மீது 1,650 மட்டும். இடைவெளி 3,450 ராண்டு. எண்ணோடு விளையாடிப் பார்க்கும் ஆசை இங்கிருந்துதான் பிறக்கிறது. மேல்பகுதியையும் அடிப்பகுதியையும் தனித்தனியாக ஒரே சரக்கில் கொண்டுவந்து ‘பாகங்கள்’ என்று எழுதுவது பழைய தந்திரம். ஒட்டவோ தைக்கவோ மட்டும் வேண்டிய முழு ஷூவை, எண்களை எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் பொது விளக்க விதிகளில் 2(அ) முழு ஷூவாகவே எடுத்துக்கொள்ளும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் தேர்வு உண்டு. அனுப்புபவரின் எண் முதல் ஆறு இலக்கங்கள் வரைதான் உலகப் பொது. அதற்கு மேல் நம் சுங்க ஒன்றியத்தின், அதாவது தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, எஸ்வாட்டினி ஐந்தின் புத்தகம். சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் வேகமானவர், ஆனால் அவர் சொல்வது கருத்துதான். 1964ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 47(9) பிரிவின்படி வருவாய்த் துறையிடம் எழுத்து மூலம் வகைப்பாட்டுத் தீர்மானம் கேட்கலாம். மெதுவாக வரும், ஆனால் அது கருத்து அல்ல, முடிவு. ஒருமுறை வரும் பெட்டிக்கு ஏஜென்ட் போதும். மாதாமாதம் அதே இன்சோலை இறக்குபவர் தீர்மானம் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன்.

அண்ணன் ஒரு இன்சோல் அட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். இடது ஒன்று, வலது ஒன்று. அடுத்த முறை விலைப்பட்டியலில் நான்கு வரி வேண்டும், ஒவ்வொன்றிலும் எதனால் செய்தது என்று எழுத வேண்டும் என்று அனுப்பியவருக்கு அன்று மாலையே செய்தி போனது.